பிரேக் அக்கா மின்மடல் தொடங்கலாமா

ஓட்டுநர் பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில், மற்றொன்று கற்றுக்கொடுப்பவரின் காலடியில். பிரேக் அக்காவின் வண்டியில் முதல் பிரேக் கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்தது போலப் பளபளவென்று இருந்தது. இரண்டாவது பிரேக்கின் ரப்பர் தேய்ந்து, உள்ளே இரும்பு தெரிந்தது. இதிலிருந்தே அக்காவின் கற்பிக்கும் முறை உங்களுக்கு ஓரளவு புரிந்திருக்கும். மாணவர் பிரேக்கைப் பற்றி நினைப்பதற்கு முன்பே அக்கா மிதித்துவிடுவாள். மிதித்த கையோடு கத்தவும் செய்வாள். அவள் பெற்றோர் வைத்த பெயர் உரிமத்தில் மட்டும் இருந்தது. தெருவுக்கு அவள் பிரேக் அக்காதான்.

கல்யாணத்துக்கு முன் மருந்துக் கம்பெனி ஒன்றின் டெலிவரி வண்டியை ஓட்டியவள். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வீடு மாடியில், பயிற்சிப் பள்ளி கீழே. பள்ளி என்றால் ஒரே ஓர் அறை. ஒரு பக்கம் சாவி செய்கிற கடை, மறுபக்கம் சலவைக் கடை. சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், வெயில் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் ரோஸ் ஆகிப்போனது. "நில்" என்ற குறி ஏதோ வேண்டுகோள் மாதிரி நின்றது. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். இவ்வளவை வைத்துக்கொண்டு பல வருடங்களாகத் தெருவில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

அப்போதுதான் எதிர்வரிசையில் கண்ணாடி முகப்போடு ஒரு புதிய பள்ளி வந்தது. உள்ளே நாள் முழுக்க ஏசி. ஒரே நிறச் சட்டை போட்ட இளம் பயிற்சியாளர்கள். வண்டியே இல்லாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரு திரை. அங்கே யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லையாம். தவறு செய்தால் திரை மெல்லிய குரலில் "மீண்டும் முயலுங்கள்" என்று சொல்லுமாம். அக்காவின் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக உட்கார்ந்திருக்க ஆரம்பித்தன.

இந்தச் செய்தி கொழுந்தனின் காதுக்கு எட்டியது. கணவரின் தம்பி. இன்ஷூரன்ஸ் விற்றான், தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் விற்றான், இரண்டையும் சொந்தக்காரர்கள் தவிர யாரும் வாங்கவில்லை. இப்போது இணையத்தில் ஏதோ ஒரு வகுப்பு முடித்துவிட்டு, மற்றவர்களுக்கு ஆடியன்ஸ் சேர்த்துத் தரும் ஆலோசகன் ஆகியிருந்தான். அவனுக்கென்று ஓர் ஆடியன்ஸ் இருந்ததா என்று கேட்பது நாகரிகமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது அவனுக்கு ஞானம் பொங்கும்.

"அண்ணி, உங்ககிட்ட என்ன இல்ல தெரியுமா?"

"பொறுமை," என்றார் கணவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆடியன்ஸ்! எதிர்க் கடைக்காரன்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இல்ல."

"நான் என்ன கச்சேரியா பண்றேன்?" என்றாள் அக்கா.

"இதான் பிரச்சினை. நீங்க வெறும் டிரைவிங் சொல்லித் தரீங்க. அது பத்தாது. ஒரு ஈமெயில் நியூஸ்லெட்டர் தொடங்குங்க. ஃபேஸ்புக், இன்ஸ்டா எல்லாம் வாடகை வீடு மாதிரி. எப்ப வேணா காலி பண்ணச் சொல்லிடுவான். ஈமெயில் லிஸ்ட் சொந்த வீடு."

"நாங்களே வாடகை வீட்லதான் இருக்கோம் தம்பி. அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு."

"வாரம் ஒரு மெயில் அண்ணி. அதுல எதையும் விக்கக் கூடாது. நம்பிக்கைய வளர்க்கணும். ஒரு வருஷத்துல பாருங்க, ஜனங்க தானா தேடி வருவாங்க."

"ஒரு வருஷத்துல வந்தா கதவுல பூட்டுதான் இருக்கும்."

கணவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தினமும் பஸ் நிறைய ஆடியன்ஸ். 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். இத்தன வருஷத்துல ஒருத்தன் நகர்ந்ததில்ல."

கொழுந்தன் அண்ணனைப் பரிதாபமாகப் பார்த்தான். அக்கா, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். மறுப்பதாக இருந்தால் அங்கேயே மறுத்திருப்பாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையே போதும், அடிமனதில் ஆசை வந்துவிட்டது என்று.

ஆசை வந்ததும் கருத்துக் கேட்கும் படலம் தொடங்கியது. அவளிடம் மிஞ்சியிருந்த மாணவர்களை வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்காளராக இருந்தவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "எனக்கு அந்த மாதிரி நிறைய வருதுங்க. காலையில எழுந்ததும் எல்லாத்தையும் ஒண்ணா செலக்ட் பண்ணி டெலிட் பண்ணுவேன். அதுதான் எனக்குத் தியானம்." புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், "சூப்பர் ஐடியா அக்கா, நான்தான் முதல்ல படிப்பேன்" என்றாள். சந்தடி மிகுந்த சாலையில், அக்காவின் கால் பிரேக்கில் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்தது பெயர். கொழுந்தன் வாரம் தவறாமல் பெயர்களோடு வந்தான். "கியரும் ஞானமும்." "வாழ்க்கை என்னும் நெடுஞ்சாலை." "சாரதியின் சன்னலோரம்." அக்கா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், பல்லில் ஏதோ மாட்டிக்கொண்டதைப் போல முகத்தைச் சுளித்தாள். பிறகு முத்திரை வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து துளிர் விடுகிற மாதிரி ஒரு படம். பிறகு எந்தக் கிழமை அனுப்புவது என்ற ஆராய்ச்சி. செவ்வாய்க்கிழமை காலைதான் மனிதர்கள் மெயிலைத் திறக்கும் நல்ல நேரமாம். பெயர், படம், கிழமை எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்தார்கள். என்ன எழுதுவது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அக்கா தானாக உட்கார்ந்து எழுதினாள். "கிளச்சை மெல்ல விடவும்." அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றியது. உண்மையும் அதுதான். கொழுந்தன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உணர்ச்சியே இல்லையே அண்ணி. ஒரு கதை வேணும். உங்க வலிய சொல்லணும்."

"இடுப்பு வலி இருக்கு. சொல்லட்டுமா?"

அவன் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு தட்டினான். "அன்புத் தோழமையே, ஒரு நாள் என் வாழ்க்கையே நின்றுபோனது. ஆம். நான் அவசரப்பட்டுக் கிளச்சை விட்டுவிட்டேன். அன்றுதான் புரிந்தது, நாம் எல்லாரும் எதையோ சட்டென்று விட்டுவிடுகிறோம் என்று…"

அக்கா இரண்டு முறை படித்தாள். "இது எந்த நாளு தம்பி?"

"ஒரு நாள் அண்ணி. பொதுவா."

அத்தோடு அந்த விஷயம் அடங்கிப் போயிருக்க வேண்டியது. அடங்காமல் போனதற்குக் காரணம் பாட்டு டீச்சர்.

பாட்டு டீச்சர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்குக் கண்பார்வை மங்கிப்போய் வண்டியை ஓட்ட முடியாமல் ஆனதும், "நானே ஓட்டறேன்" என்று கிளம்பி வந்தவர். ஓட்டுநர் தேர்வில் விடாமல் தோற்றுக்கொண்டிருந்தார். தேர்வு அதிகாரி அவரைப் பார்த்தாலே, "வாங்க டீச்சர், சௌக்கியமா?" என்று விசாரிக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டார். எதிர்க் கடைக்கும் அவர் போகவில்லை. கத்துகிற ஆள் இல்லாவிட்டால் தனக்குத் தூக்கம் வரும் என்றார்.

அவரிடமும் அக்கா கேட்டாள்: "டீச்சர், நான் எழுதி அனுப்பினா படிப்பீங்களா?"

"என்ன எழுதுவ?"

"அதான் தெரியல."

"ஏம்மா, நீ வண்டியில கத்தறது நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துடுது. அதையே எழுதி அனுப்பேன்."

அன்று மாலை சலவைக் கடையின் இஸ்திரி ஆவி சன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, அக்கா அந்த அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள்.

"டீச்சர், இன்று நீங்கள் ஒரு நாய்க்கு வழிவிட்டீர்கள். சரி. குழந்தையைத் தள்ளிக்கொண்டு போன அம்மாவுக்கு வழிவிட்டீர்கள். மிகச் சரி. பிறகு ஓரமாக நிறுத்தி வைத்திருந்த ஒரு வேனுக்கும் வழிவிட்டு வெகுநேரம் காத்திருந்தீர்கள். அதில் டிரைவரே இல்லை. பின்னால் ஹார்ன் அடித்தவர்களைப் பார்த்து ஸ்ருதி சேரவில்லை என்றீர்கள். வலது பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பாருங்கள். அதில் தெரிய வேண்டியது பின்னால் வரும் வண்டி, உங்கள் பொட்டு அல்ல."

டீச்சர் அதைக் கணவருக்குப் படித்துக் காட்டி, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதோடு விடவில்லை. கூட வேலை பார்த்த ஆசிரியர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவர்கள் அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் அது சுற்றிச் சுற்றிக் கொழுந்தனுக்கே வந்து சேர்ந்தது. எழுதியது யாரென்று தெரியாமல் அதைப் படித்துவிட்டு, "அண்ணி, இந்த மாதிரி எழுதணும், பாருங்க" என்று அக்காவுக்கே அனுப்பினான்.

விஷயம் தெரிந்ததும் கொஞ்சம்கூட அசரவில்லை. "நான் ஆரம்பத்திலேருந்து இதைத்தானே சொல்லிட்டிருந்தேன்?" என்றான். ஒரு மாதம் ஒத்திகை பார்க்கலாம், பிறகு தொடங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. இப்போதைய மாணவர்கள், பழைய மாணவர்களில் சிலர், டீச்சரின் நண்பர்கள், இவர்களுக்கு மட்டும். பெயர்: "பிரேக் அக்கா." அதற்கு எந்த ஆலோசகனும் தேவைப்படவில்லை.

எழுத எழுத அக்காவுக்குக் கை பழகியது. முக்கு திரும்பும்போது வண்டியோடு சேர்ந்து உடம்பையும் சாய்க்கிறவர்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறவர்கள், ஜிபிஎஸ் குரலிடம் மன்னிப்புக் கேட்கிறவர்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. படித்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் தங்கள் முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தார்கள்.

கொழுந்தன் அவள் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். எத்தனை பேருக்குப் போனது, எத்தனை பேர் திறந்தார்கள், யார் திறக்கவில்லை, எல்லாம் கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கோட்டைக் காட்டியதுதான் அவன் செய்த பெரிய வினை. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போது பார்த்தாள், சாப்பிடும்போது பார்த்தாள். கணக்காளர் ஒரு மடலைக்கூடத் திறக்கவில்லை என்று தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவருக்கு ரிவர்ஸ் பார்க்கிங்தான். பாவம், தன் குற்றம் என்னவென்று அறியாமலே அவர் வண்டியைப் பின்னால் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு மாற்றமும் வந்தது. அது அக்காவுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. மாணவர் ஒழுங்காக ஓட்டினால் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு வகுப்பு தப்பில்லாமல் முடிந்தால், "இன்னிக்கு ஒண்ணுமே தேறலையே" என்று முணுமுணுத்தாள். ஒருமுறை ஒருவர் ஒருவழிப் பாதைக்குள் திரும்பப் போனபோது, என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று ஒரு நொடி சும்மாவே இருந்தாள்.

புதுப்பெண் வகுப்புக்கு வருவது திடீரென்று நின்றது. அக்கா போன் செய்தாள்.

"அந்த மெயில்ல, காரை ஸ்டார்ட் பண்ண மறந்துட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிட்டிருந்த பொண்ணுன்னு எழுதினீங்களே அக்கா. அது நான்தானே?"

"பேரு போடலையேம்மா."

"என் மாமியாருக்கு யாரோ அனுப்பியிருக்காங்க. எங்க வீட்ல இப்ப யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'ஸ்டார்ட் ஆயிடுச்சா'ன்னுதான் கேக்கறாங்க."

அக்காவுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. சமாதானமாக ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எதிர்க் கடையில் சேர்ந்துவிட்டாள். அங்கே திரை யாரைப் பற்றியும் எழுதுவதில்லை.

மாத முடிவில் நிலவரம் இதுதான்: அக்காவைப் படிக்கிறவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள், அவளிடம் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கொழுந்தனிடம் சொன்னால், "ஆரம்பத்தில அப்படித்தான் இருக்கும்" என்றான். எந்த ஆரம்பத்தில் என்று அவன் சொல்லவில்லை.

ஒத்திகை முடிகிற வாரத்தில் ஒரு காலை, பாட்டு டீச்சரோடு கடைத்தெருவுக்குள் வண்டி போய்க்கொண்டிருந்தது. இரு பக்கமும் சரக்கு இறக்கும் வேன்கள். அக்காவின் போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. பல்லாயிரம் பேர் பின்தொடர்கிற யாரோ ஒருவர் அவள் மடலைப் பகிர்ந்திருந்தார். கோடு செங்குத்தாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அக்கா வாயைப் பிளந்துகொண்டு அந்தக் கோட்டைப் பார்த்தாள். தெருவைப் பார்க்கவில்லை.

வண்டி உலுக்கி நின்றது. போன் கையிலிருந்து நழுவி இருக்கைக்கு அடியில் போய் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், பம்பருக்கு ஒரு சாண் முன்னால் ஒரு வயதானவர், கையில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். வேனுக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறார். அக்காவுக்கு அப்போதும், பழக்கத்தில் தான்தான் மிதித்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. குனிந்து பார்த்தாள். அவள் கால் மடித்தபடி இருக்கையின் ஓரத்தில் இருந்தது. பிரேக் பக்கமே போகவில்லை.

"நான்தான்," என்றார் டீச்சர். "நான்தான் போட்டேன்! ஏம்மா, பார்த்தியா? நானே போட்டேன்!"

வயதானவர் பானெட்டில் ஓங்கித் தட்டினார். "கத்துக்கற வண்டின்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாமா? ஏம்மா, பக்கத்தில இருக்கிறவங்க சொல்றதையாவது கேக்கக் கூடாதா?" என்று டீச்சரைத்தான் திட்டினார். டீச்சர் பூரிப்பில் அவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு காலத்தில் அக்கா கத்தாமல் இருந்த வகுப்பு அது ஒன்றுதான்.

மாலை கணவர் பணி முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவர் வழக்கம்போல ஏதாவது கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். செய்யவில்லை.

"போனைப் பார்த்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"எங்க டிப்போவில இதுக்கு வேலை போயிடும்."

"தெரியும்."

அவர் காலணிகளை ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். அக்காவுக்கு அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறர் கத்தாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் குதித்துக்கொண்டு வந்தான். கோடு ஏறிய செய்தி அவனுக்கும் போயிருந்தது. அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் கண் விரிந்தது. பயத்தில் என்று அக்கா நினைத்தாள்.

"அண்ணி! இதான் நான் தேடின கதை! வலி இருக்கு, திருப்பம் இருக்கு. தலைப்புகூட வந்துடுச்சு. 'ஒரு நொடி. ஒரு போன். ஒரு உயிர்.' இதோட அதிகாரபூர்வமா ஆரம்பிச்சுடலாம்."

"தம்பி, அதை எடுத்துடுங்க."

"தலைப்பையா? வேற வைக்கலாம்."

"எல்லாத்தையும். அந்தக் கோடு, அந்த லிஸ்டு, எல்லாத்தையும்."

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. "இவ்வளவு பேர் சேர்ந்த பிறகா? அவனவன் ஒரு ஆடியன்ஸுக்கு எப்படித் தவம் கிடக்கறான் தெரியுமா?"

"இவ்வளவு பேர்ல வண்டி கத்துக்க வந்தவங்க யாரு?"

"அது அடுத்த கட்டம் அண்ணி."

"அடுத்த கட்டத்துக்கு யாராவது உயிரோட இருக்கணுமில்ல?"

கணவர் முதன்முறையாகத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "டேய், எடுத்துடுடா," என்றார். ஒரு மாதத்துக்கு மேல் யோசித்த விஷயம், சாப்பாடு ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது.

மறுநாள் அக்கா தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. திரைக்கு முன்னால் புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா சுற்றி வளைக்காமல், "நான் எழுதினது தப்பும்மா" என்றாள். அந்தப் பெண் "பரவால்ல அக்கா" என்றாள். சிரிக்கவில்லை. திரும்பி வரவும் இல்லை. எல்லாவற்றையும் ரிவர்ஸ் எடுக்க முடியாது என்று கொழுந்தனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு மடல் எழுதியிருப்பான்.

பாட்டு டீச்சர் மட்டும் விடவில்லை. "ஊருக்கு எழுத வேணாம். எனக்கு எழுது. நான் இன்னும் பாஸ் ஆகலையே," என்றார். அதனால் அவருக்கு எழுதினாள், அவர் ஓட்டியதைப் பற்றி, அவருக்கு மட்டும். கணக்காளருக்கும் ஒன்று அனுப்பிப் பார்த்தாள். அவர் திறந்து படித்தார். தன்னைப் பற்றியது என்பதால் டெலிட் செய்ய மனம் வரவில்லையாம். வண்டியில் அக்கா காலைப் பிரேக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துப் பழகினாள். சுலபமாக இல்லை, கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. ஆனால் கால் தாமதிக்கத் தாமதிக்க, மாணவர்கள் தாங்களே மிதிக்க ஆரம்பித்தார்கள். போன் பின் இருக்கையில் ஒரு பைக்குள் கிடந்தது.

டீச்சர் தேர்வில் தேறினார். தேர்வு அதிகாரி எழுந்து கை கொடுத்தாராம், பிரிய மனமில்லாமல். அதற்குப் பிறகு அக்கா அவருக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். டீச்சர் கோபமாகப் போன் செய்தார்.

"என்னம்மா, மெயிலையே காணோம்?"

"நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே டீச்சர்."

"அதுக்கு?"

"வேணும்னா மறுபடி பெயில் ஆகுங்க. அனுப்பறேன்."

கொழுந்தன் சும்மா இருக்கவில்லை. எதிர்க் கடைக்கு மின்மடல் எழுதும் வேலையைப் பிடித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை தவறாமல் அது அக்காவுக்கும் வருகிறது. "கிளச்சும் காதலும்" என்று போன வாரம் வந்ததில், யாருக்கோ பொதுவாக ஒரு நாள் வாழ்க்கை நின்றுபோயிருந்தது. குடும்பத்து ஆள் எழுதுவதாயிற்றே என்று அக்கா அதைத் திறந்து மட்டும் வைக்கிறாள், அவன் கோடு ஏறட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அவன் இன்னும் வருகிறான். போன வாரம் தன் பட்டியலில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்லிவிட்டு, இரக்கத்தோடு கேட்டான்: "உங்க லிஸ்ட்ல இப்ப எத்தன பேரு அண்ணி?"

"டீச்சர் போயிட்டாங்க. கணக்காளருக்கு வர்ற வாரம் டெஸ்ட். அநேகமா அவரும் போயிடுவாரு."

"குறைஞ்சுக்கிட்டே போகுதே அண்ணி!" என்று பதறினான்.

"ஆமா," என்றாள் அக்கா, அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுக்கொண்டே. "நல்லா ஓட்டறாங்க."